பத்துக்கு எத்தனை வலி?

தம்பி அருளு,

நீ ஓசூர் பஸ் ஏறி இன்னையோட ஒம்பது நாள் ஆவுது. தெனம் போன் பண்ற. சாப்டியா, புண்ணு ஆறிடுச்சா, நடக்கறியான்னு கேக்கற. நானும் ஆங், ஊங்னு பதில் சொல்லிக்கினு இருக்கறேன். ஆனா அன்னைக்கு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல, பைய தோள்ல மாட்டிக்கினு நீ ஒண்ணு கேட்ட பாரு, அதுக்கு நான் சொன்னது பொய். ஏம்பா மாத்திரைய ஒளிச்சு வெச்சன்னு கேட்ட. மறந்துட்டேன்டான்னேன். மறந்தவன் அஞ்சு மாத்திரைய செபப்புத்தகத்து உறைக்குள்ள வரிசையா அடுக்கி வெப்பானா? நீயும் நம்பல, உன் மொகத்த பாத்தாலே தெரிஞ்சுது. ஆனா சரிப்பான்னுட்டு பஸ்ஸுல ஏறி ஜன்னலோரமா உக்காந்துட்ட. அப்பன் மானத்த காப்பாத்தறதுல உன்ன மாதிரி ஒரு ஆளு கெடையாது, சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அதப் பத்திதான் இந்தக் கடுதாசி.

இத போன்லயே சொல்லலாம்னு நாலு தடவ ஆரம்பிச்சேன். நடுவுல பாப்பா ஓடியாந்து, தாத்தா உங்க கல்ல காட்டுங்கன்னு கேக்குது. நான் அந்த டப்பாவ எடுத்து கேமராவுக்கு எதிர்ல ஆட்டிக் காட்டறேன். பேத்திக்கு தாத்தன் வயித்துல இருந்து வந்த கல்லுன்னா அவ்வளவு ஆசை. பேச்சு அந்தப் பக்கம் போயிடுது. உங்கம்மாதான் எழுதுங்கன்னா. முப்பத்தி மூணு வருஷம் ஆலை எடை மேடையில சீட்டு எழுதின கை, எழுதறது ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா அதெல்லாம் வண்டி நம்பரும் கரும்பு எடையும். புள்ளைக்கு எழுதி பழக்கம் இல்ல. கொஞ்சம் கோணலா போவும், பொறுத்துக்க.

மொதல்ல நன்றிய சொல்லிடறேன், இல்லனா நடுவுல எனக்கு கோவம் வந்து அது விட்டுப் போயிடும். வேலைய வுட்டுட்டு வந்து கூட இருந்த பாரு, அதுக்கு நன்றி. தாதி வேலைக்கு ஆம்பளைப் புள்ள லாயக்கு இல்லன்னு நெனச்சுக்கினு இருந்தேன், என்ன குளிப்பாட்டி, தலை தொவட்டி, பல்லு வெளக்க பேஸ்ட்டு எடுத்துக் குடுத்தியே, அதுக்கு நன்றி. அந்த மயக்க மருந்து டாக்டரம்மாவுக்கு நன்றி. அவங்கள நான் எப்படியெல்லாம் திட்டினேன் மனசுக்குள்ள! அந்த நைட்டு டூட்டி சிஸ்டருக்கு நன்றி. என் வாயி சும்மா இருக்காது, அந்தப் பொண்ணு எதுக்கும் மொகம் சுளிக்கல. இந்த வயசுல ஒடம்ப அறுத்து, உள்ள இருக்கறத எடுத்து, மறுபடியும் வூட்டுக்கு நடந்து வர முடியுதுன்னா அது சின்ன விஷயமா? ஆண்டவருக்கும் சொல்லிட்டேன். உனக்கு மட்டும்தான் சொல்லாம பாக்கி இருந்துச்சு.

ஆபரேஷனுக்கு மொத நாள் சாயங்காலம் அந்த டாக்டரம்மா வந்தாங்களே, ஞாபகம் இருக்கா. உன் வயசுதான் இருக்கும், காலுல சாதா ரப்பர் செருப்பு. பித்தப்பைய எடுக்க வயித்துல நாலு ஓட்டை போடுவோம், ஒவ்வொண்ணும் வெரல் நொழையற அளவுதான், கேமராவ உள்ள வுட்டு டிவியில பாத்துக்கினே செய்வோம்னு பெரிய டாக்டரு முன்னாடியே சொல்லியிருந்தாரு. இந்தம்மா வந்து ஒரு சீட்டுப் பின்னால படமே போட்டுட்டாங்க. வயித்துச் சுவத்துல சதை மூணு அடுக்கா இருக்குதாம். நடு அடுக்குக்கும் உள் அடுக்குக்கும் இடையில நரம்புங்க ஓடுதாம், வெட்டுக்காயத்து வலிய மூளைக்குக் கொண்டு போறது அதுங்கதானாம். நான் மயக்கத்துல இருக்கும்போது வயித்து மேல ஸ்கேன் கருவிய வெச்சு, திரையில பாத்துக்கினே, ரெண்டு பக்கமும் விலா எலும்புக்குக் கீழ அந்த இடுக்குல மருந்த வுட்டா, சேதி போற வழி அடைஞ்சிடுமாம். மடைய அடைக்கற மாதிரியாங்கன்னு கேட்டேன். அதேதாங்க, ஆனா இந்த மடை தானா கரைஞ்சிடும், பாதி நாளோ ஒரு நாளோதான் தாங்கும், அது கரையறதுக்கு முன்னாடியே மாத்திரைய ஆரம்பிச்சுடணும்னாங்க. வலியே இருக்காதுன்னு பீத்திக்கல. கம்மியா இருக்கும், எழுந்து நடக்கலாம், மூச்ச நல்லா இழுத்து வுடலாம், அவ்வளவுதான்னாங்க. எப்பவாவது என்னென்ன தொந்தரவு வரும்னும் ஒளிக்காம சொன்னாங்க. எனக்கு அந்தப் புள்ளைய புடிச்சுப் போச்சு. ஆனா ஊசி வேணாம்னுட்டேன்.

நீ அப்படியே திரும்பி என்ன பாத்த. நரம்புல ஊசி போட்டா காலு வெளங்காம போயிடும்னு ஒரு சாக்கு சொன்னேன். நரம்புக்குள்ள போடலீங்க, அது ஓடற எடத்துலதான் மருந்த வுடறோம்னாங்க. அந்தச் சாக்கு செல்லல. கரும்பு சுமந்த ஒடம்புங்க, தாங்கிக்குவேன்னேன். நான் கரும்பு சுமந்தேனா? எடை மேடையில ஃபேனுக்கு அடியில உக்காந்து சீட்டு எழுதினவன். நீ சிரிப்ப அடக்கிக்கினு தரைய பாத்தத நான் கவனிச்சேன். உங்க விருப்பம்தாங்க, யோசிச்சு சொல்லுங்கன்னு அவங்க பேனாவ மேஜை மேல வெச்சுட்டு போயிட்டாங்க. அப்புறம் நீ அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கினு கிட்ட உக்காந்த.

"போட்டுக்கோப்பா."

"உனக்கு இன்னாடா தெரியும் இதப் பத்தி?"

"எனக்குத் தெரியும்பா."

அவ்வளவுதான் சொன்ன. கோவமா சொல்லல, குத்திக் காட்டவும் இல்ல. டைம் கேட்டா சொல்ற மாதிரி சொன்ன. இருபத்தியோரு வருஷத்துல அந்த விஷயத்துக்குக் கிட்ட நாம ரெண்டு பேரும் போனது அந்த ஒரு தடவைதான். பேனாவ எடுத்து கையெழுத்து போட்டுட்டேன்.

எந்த விஷயம்னு உனக்குத் தெரியும். ஆனா என் வாயால நான் ஒரு தடவ முழுசா சொல்லணும், சொல்லாம மன்னிப்பு கேக்கறது எடை போடாம சீட்டு குடுக்கற மாதிரி. நீ அப்ப ஒம்பதாவது. பெரிய வெள்ளிக்கு நம்ம பங்குக் கோயில் கரட்டு மேல சிலுவைப்பாதை, ஆண்டவரு சிலுவ சுமந்தத நெனச்சு நின்னு செபிக்கற பதினாலு தலம், அடியில ஆரம்பிச்சு உச்சி வரைக்கும். மூணு நாலு தலத்துக்கு ஒரு குடும்பம்னு மரச்சிலுவைய தூக்கும். அந்த வருஷம் ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் நம்ம வூட்டு முறை. மைக்குல தலம் வாசிக்கறவன் நானு. வாசிக்கறவன் வூட்டுப் புள்ள சிலுவ தூக்குதுன்னு ஊரே பாக்கணும்னு எனக்கு. காலையில எழுந்ததுமே தொப்புள் கிட்ட வலிக்குதுப்பான்ன. ஒருசந்தி வயிறுடா, கத்தத்தான் செய்யும்னேன். ஒம்பதாவது படிக்கற புள்ளைக்கு ஒருசந்தி இருந்தே ஆவணும்னு எந்தச் சட்டமும் இல்ல, சாமியாரே சொல்லுவாரு. நான்தான் வீம்புக்கு உன்ன பட்டினி போட்டேன். புள்ள கஞ்சியாவது குடிக்கட்டும்னு உங்கம்மா சொம்புல ஊத்திக்கினு வந்தா. அத வாங்கி அந்தாண்ட வெச்சவன் நானு.

கரட்டு மேல நீ குனிஞ்சு குனிஞ்சு நடந்த. வலது பக்கம் கைய அழுத்திக்கினு நடந்த. நான் அத பாத்துட்டு, பக்தியில நடக்கறான் பாருன்னு நெனச்சேன். ஆமாடா, அப்படித்தான் நெனச்சேன். பத்தாம் தலத்துல சிலுவைய சித்தப்பன் கையில குடுத்துட்டு ஓரமா போயி வாந்தி எடுத்த, வெறும் தண்ணி. வாய தொடச்சுக்கினு என் கிட்ட வந்து, முடியலப்பான்ன. நான் மைக்க கையால பொத்திக்கினு சொன்னேன், "ஆண்டவரு மூணு தரம் விழுந்தும் எழுந்து நடந்தாரு. நீ இன்னும் ஒரு தரம் கூட விழல. தூக்குடா." நீ போயி தூக்கின. பன்னெண்டாம் தலம் வரைக்கும் தூக்கின. உச்சியில எல்லாரும் என் கைய புடிச்சு, புள்ளைய நல்லா வளத்திருக்கன்னாங்க. நான் பூரிச்சுப் போனேன். இத எழுதும்போது கை கூசுது.

மறுநாள் காலையில வலி கம்மியா இருக்குதுப்பான்ன. பாத்தியா, ஆண்டவரு எடுத்துக்கினாருன்னேன். குடல்வால் உள்ளயே வெடிச்சா கொஞ்ச நேரம் அப்படி வலி அடங்கும்னு அப்புறம்தான் டாக்டரு சொன்னாரு. சாயங்காலம் ஒடம்பு கொதிச்சுது, வயிறு பலகையா ஆயிடுச்சு. ஊரே உயிர்ப்புப் பூசைக்கு புதுத்துணி போட்டுக்கினு போய்க்கினு இருந்துச்சு, நாம வேன்ல புதுச்சேரிக்கு போய்க்கினு இருந்தோம். வயித்து நடுவுல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு கீறல். பக்கத்துல சீழ் எறங்க ஒரு டியூபு. பதினாறு நாள் படுக்கை. இன்னும் நாலு மணி நேரம் தாமசமா வந்திருந்தா புள்ள இல்லன்னாரு அங்க இருந்த பெரிய டாக்டரு. நான் அவரு கால்ல விழுந்தேன், நீ பாக்கல.

இதோட முடிஞ்சிருந்தா கூட தெரியாம செஞ்ச தப்புன்னு ஒரு நாள் உங்கிட்ட சொல்லியிருப்பேன். வார்டுல ஒண்ணு நடந்துச்சு. மூணாம் நாளு கட்டு பிரிக்கும்போது நீ அம்மா அம்மான்னு கத்தின. சுத்தி இருந்த கட்டிலுக்காரங்க எல்லாம் திரும்பி பாத்தாங்க. எனக்கு மானக்கேடா இருந்துச்சு. உன் காதுகிட்ட குனிஞ்சு, கத்தாதடா, எல்லாரும் பாக்கறாங்கன்னேன். நீ அப்படியே நிறுத்திட்ட. அதுக்கப்புறம் அந்தப் பதினாறு நாள்ல உன் வாயில இருந்து ஒரு சத்தம் வரல. தங்கமான புள்ள, தொந்தரவே குடுக்கறது இல்லன்னு நர்ஸம்மாங்க எல்லாம் சொன்னாங்க. வூட்டுக்கு வந்து உன் துண்ட தொவைக்கும்போது உங்கம்மா என்ன கூப்ட்டு விரிச்சுக் காட்டினா. ஓரம் பூரா பல்லு பதிஞ்சு ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. அத அலசி கொடியில போட்டுட்டு உள்ள போயிட்டா.

பாவசங்கீர்த்தனத்துல இத எத்தனையோ சாமியாருங்க கிட்ட சொல்லிட்டேன். எல்லாரும் மன்னிச்சு அனுப்பினாங்க. உங்கிட்ட கேக்கல. ஆண்டவர்கிட்ட கேக்கறது சுளுவுடா, அவரு மொகத்த எதிர்ல வெச்சுக்கினு தெனம் சோறு திங்க வேணாம். அப்புறம் நீ படிச்ச, வேலைக்கு போன, கல்யாணம் ஆச்சு, பாப்பா பொறந்துச்சு. இனிமே இன்னாத்துக்கு கெளறணும்னு வுட்டுட்டேன். வுட்டுட்டேன்னு நெனச்சுக்கினேன். இந்த வருஷம் தவக்காலத்துல எனக்கும் வயித்துல ஆபரேஷன்னு சொன்னாங்க பாரு, உங்கம்மா முந்தானைய வாயில வெச்சுக்கினு அழுதா, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. வந்துடுச்சு என் முறைன்னு இருந்துச்சு. உன் வலிக்கு என் வலிய ஒப்புக்கொடுத்துடணும், வாய தொறக்காம தாங்கணும், அதோட சரியா போயிடும்னு மனசுக்குள்ள நேர்ந்துக்கினேன். உங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேக்கறத விட வயித்த அறுத்துக்கறது எனக்கு லேசா இருந்துச்சு. அப்படி ஒருத்தன் தயாரா நிக்கும்போது ஒரு டாக்டரம்மா வந்து வலிய கொறைக்கறேன்னா கோவம் வருமா வராதா?

ஆபரேஷன் முடிஞ்சு கண்ண முழிச்சதும் நான் மொதல்ல தேடினது வலியத்தான். காணோம். வயித்து மேல கைய வெச்சு கட்ட அழுத்தி பாத்தேன், ஏதோ அடுத்தவன் வயித்த தொடற மாதிரி இருந்துச்சு. ஆபரேஷன் பண்ணீங்களா இல்லியாம்மான்னு சிஸ்டர கேட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கினே கல்லுப் போட்ட டப்பாவ கொண்டாந்து காட்டுச்சு, பச்சையும் பழுப்புமா பதினோரு கல்லு. ஏமாந்துட்டோம்னு எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நீ அத வேற மாதிரி நெனச்சுக்கினு நெத்திய தடவி குடுத்த. சாயங்காலம் வலது தோள்பட்டையில சுருக்குன்னு ஒரு குத்து வந்துச்சு பாரு, வாடா ராசான்னு இருந்துச்சு எனக்கு. இதாவது கெடைச்சுதேன்னு பல்ல கடிச்சுக்கினு கெடந்தேன். அந்தம்மா வந்தாங்க. வயித்த உப்ப வெக்க காத்து வுடுவாங்களாம், அதோட மிச்சம்தான் தோள்ல போயி குத்துதாம், இதுக்கு அந்த ஊசி கேக்காது, ரெண்டு நாள்ல போயிடும்னு நான் சொல்லாமயே கண்டுபுடிச்சுட்டாங்க. ஒண்ணுமே இல்லனா பூஜ்யம், தாங்கவே முடியாதுன்னா பத்து, பத்துக்கு எத்தனைங்கன்னு கேட்டாங்க. பூஜ்யம்னேன். அவங்க போனதும் சிஸ்டர் மாத்திரை குடுத்துச்சு. கையில மடக்கிக்கினு வெறும் தண்ணிய குடிச்சேன். சாயங்காலம் ரெண்டு, ராத்திரி ஒண்ணு, காலையில ரெண்டு. எல்லாம் செபப்புத்தகத்து உறைக்குள்ள போச்சு.

மறுநாள் மதியம் மடை கரைஞ்சுது. அந்தம்மா சொன்ன கணக்கு தப்பல. மொதல்ல தொப்புள் கிட்ட சூடா ஒரு எரிச்சல், அப்புறம் விலாவுக்குக் கீழ. ஒரு மணி நேரத்துல இரும முடியல, திரும்ப முடியல, மூச்ச இழுத்தா பாதியில நிக்குது. நான் நெனச்ச மாதிரி அது ஒப்புக்கொடுக்கற வலியா இல்லடா. செபம் ஒண்ணு கூட ஞாபகத்துக்கு வரல. மாதாவுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லலாம்னா நடுவுல வரி மறந்து போவுது. மூச்சுப் பயிற்சிக்குக் குடுத்த மூணு பந்து போட்ட அந்த டப்பாவ நீ வாயில வெச்சு இழுப்பான்ன. மொத நாளு ரெண்டு பந்து தூக்கினவன், அன்னைக்கு ஒண்ணு கூட அசையல. நீ அத கீழ வெக்க எடம் தேடி செபப்புத்தகத்த நகத்தின. அஞ்சு மாத்திரையும் கட்டில் மேல உருண்டுச்சு. நீ ஒண்ணொண்ணா பொறுக்கி உள்ளங்கையில வெச்சுக்கினு நின்ன. அப்புறம் சிஸ்டர கூப்ட்ட.

டாக்டரம்மா வந்து அதே கேள்விய கேட்டாங்க, பத்துக்கு எத்தனைங்கன்னு. ரெண்டுன்னு சொல்லத்தான் வாய தொறந்தேன். நீ என்ன பாக்கல, ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கினு இருந்த. மாத்திரைய கைக்குள்ள மூடிக்கினு, தாடைய இறுக்கிக் கடிச்சுக்கினு இருந்த. துண்ட கடிக்கும்போது உன் மொகம் எப்படி இருந்திருக்கும்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. அப்பல்லாம் நான் அத பாக்காம வராண்டாவுல செபமாலை உருட்டிக்கினு இருந்தேன்.

"எட்டுங்க"ன்னேன். "எட்டு. ஒம்பதே இருக்கும்."

உன் தோளு அப்படியே தளந்து எறங்குச்சு. நான் பெரிய உத்தமன் மாதிரி தாங்கறேன் தாங்கறேன்னு படுத்துக் கெடந்தப்ப நீ நிமிந்து வெறச்சுப் போயி நின்ன, நான் உண்மைய சொன்னதும் உனக்குத்தான் வலி கொறைஞ்சுது. ஊசி போட்டாங்க, கொஞ்ச நேரத்துல மூச்சு வந்துச்சு. அப்புறம் அந்தம்மா எனக்கு நல்லா திட்டு குடுத்தாங்க. வலிய மறைச்சா மூச்ச முழுசா இழுக்க மாட்டீங்க, நெஞ்சுல சளி கட்டும், காய்ச்சல் வரும், வூட்டுக்கு போக வேண்டிய ஆளு இங்கயே கெடப்பீங்கன்னாங்க. "இதுக்கு மிஷின் கெடையாதுங்க. நீங்க சொல்றதுதான் அளவு. நீங்க பொய் சொன்னா நான் இன்னாத்த வெச்சு வைத்தியம் பாக்கறது?"ன்னு கேட்டாங்க பாரு, அது என் மண்டையில எறங்கிடுச்சு. முப்பத்தி மூணு வருஷம் வண்டிக்காரன் வாய நான் நம்பினதே இல்ல, முள்ளு காட்டறதுதான் எடை. கரட்டு மேலயும் அந்தப் புத்திதான். என் புள்ள வந்து முடியலன்னா, அவன் சொல்றத நான் எடுத்துக்கல. எதுல வெச்சு நிறுத்துப் பாக்கணும்னு நெனச்சேனோ.

வூட்டுக்கு வந்து நாலு நாள் கழிச்சு உங்கம்மா கிட்ட எல்லாத்தையும் சொன்னேன், நேந்துக்கினது, மாத்திரை, எல்லாம். அவ கீரை ஆஞ்சுக்கினு இருந்தா. தலைய தூக்காமயே, "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவங்கிட்ட சொல்லுங்க. துண்ட அவன்தானே கடிச்சான்"னா. அப்புறம் இன்னொண்ணு சொன்னா. உன் பழைய தழும்பு தொப்புளுக்கு மேல பொடைச்சுக்கினு வருதாம், குடலிறக்கம்னு ஓசூர் டாக்டரு சொல்லி ஒரு வருஷம் ஆச்சாம், நீ ஆபரேஷன தள்ளி தள்ளி போட்டுக்கினு இருக்கறியாம். மருமவ அழுதுக்கினே போன்ல சொல்லுச்சாம். எனக்கு அப்பதான் ஒறைச்சுது. ஆஸ்பத்திரியில என்ன கட்டில்ல இருந்து தூக்கும்போதெல்லாம் நீ எடது கைய உன் வயித்துல அழுத்திக்கினு ஒரு கையாலதான் தூக்கின. இன்னாடான்னு கேட்டதுக்கு, ஒண்ணும் இல்லப்பா, கேஸுன்ன. அந்த 'ஒண்ணும் இல்ல'ங்கற வார்த்தைய உனக்கு சொல்லிக் குடுத்தவன் நான்தான். வேற எத்தனையோ நல்லது சொல்லிக் குடுத்தேன், அதையெல்லாம் வுட்டுட்டு இத புடிச்சுக்கினு இருக்கற.

புத்தி சொல்ற யோக்கியத எனக்கு இருக்குதா இல்லியான்னு தெரியல, இருந்தாலும் அப்பன் சொல்றேன், கேளு. போயி காட்டு. அதையும் ஓட்டை போட்டு உள்ள வலை வெச்சு தெக்கலாமாம், உன் வயித்துக்கு எது சரின்னு அவங்க சொல்லுவாங்க. மயக்க டாக்டரு வந்தா அந்த ஊசியப் பத்தி நீயா கேளு, கூச்சப்படாத. மாத்திரைய வேளைக்கு முழுங்கு. யாராவது பத்துக்கு எத்தனைன்னு கேட்டா, கொறைச்சு சொல்லாத. அழுவ வந்தா அழுவு, பக்கத்து கட்டிலுக்காரன் பாத்தா பாக்கட்டும், நான் அவங்கிட்ட பேசிக்கறேன். நான் வருவேன். உங்கம்மா வேணாம்னாலும் ஓசூர் பஸ்ஸ புடிச்சு வந்து அந்த ஸ்டூல்ல உக்காருவேன். பந்து டப்பாவ கையில வெச்சுக்கினு இழுடா இழுடான்னு உன் உயிர வாங்குவேன். பாப்பா கீழ விழுந்து அழுதா நீ ஓடி போயி, எங்க வலிக்குதும்மான்னு குந்திக்கினு கேக்கற பாரு, அத நான் பாத்திருக்கறேன். எங்கிட்ட இருந்து நீ அத கத்துக்கினு இருக்க முடியாது. எங்க கத்துக்கினியோ, நல்லா இருப்ப.

நாளைக்கு பெரிய வெள்ளி. தலம் வாசிக்க சாமியாரு கூப்ட்டாரு, வேற ஆள பாருங்க சாமின்னுட்டேன். மெதுவா ஏறலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. விடிஞ்சதும் கெளம்பி பத்தாம் தலம் வரைக்கும் போயி, அங்க ஒரு கல்லு மேல உக்காந்துக்கப் போறேன். உங்கம்மா பெரிய தூக்குச்சட்டியில கஞ்சி காச்சித் தரேன்னா, எனக்கு வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு உன் சித்தப்பன் எடுத்துக்கினு வரான். எந்தப் புள்ளையாவது முடியலன்னு வந்தா, எறக்கி வெச்சுட்டு குடிடா சாமின்னு சொல்லணும். இருபத்தியோரு வருஷம் தாமசம். யாரும் வரலன்னாலும் தூக்குச்சட்டிய தெறந்து வெச்சுக்கினு உக்காந்து இருப்பேன்.

அருளு, என்ன மன்னிச்சுடுடா. நீ எப்பவோ மன்னிச்சிட்டன்னு தெரியும், எனக்குத் தெரியும்பான்னு நீ சொன்னதுலயே அது இருந்துச்சு. ஆனா கேக்க வேண்டியது என் கடமை. அதோட இன்னொண்ணும் கேக்கணும். பத்தாம் தலத்துல வாய தொடச்சுக்கினு என் எதிர்ல வந்து நின்ன பாரு, அப்ப நான் மைக்க கீழ வெச்சுட்டு கேட்டிருக்க வேண்டியது. இப்ப கேக்கறேன், கையில எதுவும் இல்ல.

பத்துக்கு எத்தனைடா தம்பி?

நீ என்ன சொன்னாலும் அதுதான் எடை.

உங்கப்பா